பிய்ந்த ஷூவோடு பிராக்: வெள்ளி முதல் திங்கள் வரை

வெள்ளி இரவு, விடுதியின் மேல் கட்டிலில் இருந்து

ஜெர்மனியில் இருக்கிற ட்ரெஸ்டனுக்குப் படிக்க வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. செக் நாட்டின் தலைநகரான பிராக் இங்கிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம்தான், எங்கள் மதுரையிலிருந்து தஞ்சாவூர் போகிற தூரம். அதனாலேயே போகவில்லை. மீனாட்சி கோயிலுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர் வருஷத்துக்கு ஒரு தரம் கோயிலுக்குப் போவார் இல்லையா, அந்தக் கதைதான். போன வாரம் கடைசித் தேர்வு முடிந்தது (எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள்), அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

கூட வந்திருப்பவன் வகுப்புத் தோழன். அப்பா அம்மாவுக்கு யாழ்ப்பாணம், இவன் பிறந்து வளர்ந்தது டோர்ட்முண்டில். ஜெர்மன் மொழியை ஜெர்மன்காரன் மாதிரிப் பேசுவான், தமிழை அவனுடைய அம்மம்மா மாதிரிப் பேசுவான்.

ட்ரெஸ்டனிலிருந்து போகிறவர்கள் இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். எல்பே நதி எல்லை வரைக்கும் ஜன்னலை ஒட்டியே வருகிறது, அக்கரையில் மணற்கல் பாறைகள் அடுக்கி வைத்த மாதிரி நிற்கின்றன. இந்தப் பகுதிக்கு சாக்சன் சுவிட்சர்லாந்து என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் ட்ரெஸ்டனில் வேலை பார்த்த இரண்டு சுவிஸ் ஓவியர்கள் சொந்த ஊர் ஞாபகத்தில் வைத்த பெயராம். வீட்டு நினைப்பு வந்தால் என் மாதிரி ஆட்கள் பருப்புப் பொடியைப் பிரிப்போம், அவர்கள் மலைக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டியது எதை வைத்துத் தெரிந்தது என்றால் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியை வைத்துத்தான். நதியும் அதேதான், பாறையும் அதேதான், எல்பே என்ற பெயர் மட்டும் லாபெ ஆகிவிடுகிறது.

பிராக் என்பது வெளியில் இருக்கிறவர்கள் சொல்வது. ஊர்க்காரர்களுக்கு அது ப்ராஹா. நிலைப்படிக்கு செக் மொழியில் ‘ப்ராஹ்’ என்று பெயர், அதிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்று ஒரு பழங்கதை உண்டு. லிபுஷே என்ற இளவரசி, காட்டில் ஒருவன் வீட்டு நிலைப்படி செதுக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் நகரத்தைக் கட்டச் சொன்னாளாம்.

நிலைப்படியிலேயே தடுக்கி விழுந்தேன் என்பதுதான் இன்றைய செய்தி. நிஜமாகவே. ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு நடந்து வரும்போது வலது கால் ஷூவின் அடிப்பாகம் முன்னால் கழன்று, ஒவ்வொரு எட்டுக்கும் பளார் பளார் என்று அடிக்க ஆரம்பித்தது. இந்த ஊர் நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரக் கற்கள், வெள்ளையும் சாம்பலுமாகக் கோலம் மாதிரி பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு. கழன்ற ஷூவுக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு பொறி.

“மச்சான், உன்ர சப்பாத்து வாய் பிளந்து கிடக்கு” என்றான் தோழன், உதவி அவ்வளவுதான்.

இரவு ஒன்பது மணிக்கு எந்தச் செருப்புக்கடை திறந்திருக்கும்? ஆனால் தெருமுனைப் பெட்டிக்கடை திறந்திருந்தது. பிராகில் இந்த மாதிரி இரவுக் கடைகளைப் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள் நடத்துகிறார்கள். சோசலிச ஆட்சிக் காலத்தில் செக்கோஸ்லோவாகியா வியட்நாமிலிருந்து தொழிலாளர்களையும் மாணவர்களையும் வரவழைத்தது. ஆட்சி போய்விட்டது, இவர்கள் கடை போட்டுத் தங்கிவிட்டார்கள். பசைக்குச் செக்கில் ‘லெபிட்லோ’ என்று கைபேசி சொன்னது. கேட்டேன். கடைக்கார அக்கா “நோ, நோ, நோ” என்றார். சரி, இல்லை போல என்று திரும்பினால், பின்னாலிருந்து கூப்பிட்டுப் பசைக் குப்பியை நீட்டுகிறார்! செக்கில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘அனோ’, பேச்சில் அது சுருங்கி ‘நோ’. கடலே இல்லாத நாட்டில் ஒருத்தருக்கொருத்தர் கப்பல்காரர்கள் மாதிரி ‘அஹோய்’ என்று வேறு வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஷூவை ஒட்டி, மேலே இரண்டு புத்தகத்தைப் பாரம் வைத்திருக்கிறேன். காலையில் பார்ப்போம்.

சனி இரவு, அதே கட்டில், கால் இரண்டும் தனித்தனியாக வலிக்கின்றன

பசை பிடித்திருந்தது. ஐந்தரைக்கு எழுந்து சார்லஸ் பாலத்துக்குப் போனோம். பத்து மணிக்கு மேல் அந்தப் பாலம் சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி மாதிரி ஆகிவிடும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஆறு மணிக்கு அங்கே இருந்தது நாங்கள், திருமண உடையில் நடுங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி, கடற்காகம் நாலைந்து, அவ்வளவுதான். வல்தாவா நதியிலிருந்து ஆவி மாதிரி ஏதோ கிளம்பிக்கொண்டிருந்தது. இருபுறமும் கரிய சிலைகள். மொத்தம் 30. அவற்றில் பெரும்பாலானவை நகல்கள், அசலை எடுத்து உள்ளே பத்திரப்படுத்திவிட்டார்கள். அது தெரிந்தும் அந்த வெளிச்சத்தில் ஒன்றும் குறையவில்லை.

முன்னால் இருந்த பாலத்தை 1342இல் வெள்ளம் கொண்டுபோனது. நான்காம் சார்லஸ் புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார், எப்போது தெரியுமா? 1357ஆம் வருஷம், ஒன்பதாம் தேதி, ஏழாம் மாதம், காலை 5 மணி 31 நிமிஷம் என்று சொல்கிறார்கள். வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். நிமிஷக் கணக்கெல்லாம் பின்னால் யாரோ சேர்த்ததாகத்தான் இருக்கும், ஆனால் நல்ல நேரம் பார்த்துக் கல் நாட்டும் ராஜாவை எனக்குப் பிடித்துப்போனது. சாந்தில் முட்டை கலந்தார்கள் என்று இன்னொரு கதை. நாடு முழுக்க முட்டை கேட்டு ஆள் அனுப்ப, வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று அவித்து அனுப்பினார்களாம். செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு பூசிய கதையைச் சொன்னேன். “அவிக்காமல்தானே?” என்று கேட்டான் தோழன்.

பாலத்தின் நடுவில் நேபோமுக் யான் என்ற பாதிரியாரின் வெண்கலச் சிலை, 1683இல் வைத்தது, இங்கே நிற்பவற்றில் இதுதான் மூத்தது. இந்தப் பாலத்திலிருந்துதான் 1393இல் அவரை ஆற்றில் தள்ளினார்கள். ராணி பாவமன்னிப்பில் சொன்ன ரகசியத்தை ராஜாவுக்குச் சொல்ல மறுத்ததால் கொன்றார்கள் என்பது கதை. ராஜாவுக்கும் பேராயருக்கும் ஒரு மடத்துக்குத் தலைவர் நியமிப்பதில் வந்த தகராறு என்பது வரலாறு. வரலாறு வழக்கம் போல அலுவலகச் சண்டையாக முடிகிறது. சிலைக்குக் கீழே உள்ள தகட்டைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பொன்னாக மின்னுகிறது. நானும் தொட்டேன். தேர்வு முடிவு இன்னும் வரவில்லை.

அப்புறம் பழைய நகரச் சதுக்கம். இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற வானியல் கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் கூட்டம் கூடி, கைபேசிகளை உயர்த்தி, எலும்புக்கூடு மணியடிக்க, மேலே ஜன்னல் திறந்து பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் நகர, கடைசியில் சேவல் கூவ, “இவ்வளவுதானா?” என்று கலைகிறது. இவ்வளவுதானா என்பது நியாயமான கேள்விதான், ஏனென்றால் பார்க்க வேண்டியது பொம்மை இல்லை, கீழே இருக்கிற முகப்பு. 1410இல் செய்தது. சூரியன் எந்த ராசியில், சந்திரன் எந்த ராசியில், வளர்பிறையா தேய்பிறையா எல்லாம் காட்டுகிறது. வெளிவட்டத்தில் இருக்கிற பழைய எழுத்து எண்கள் சூரிய அஸ்தமனத்திலிருந்து மணியை எண்ணுகின்றன, அஸ்தமனம் நாளுக்கு நாள் மாறுவதால் அந்த வட்டமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவர்களுக்கு நாள் பொழுது சாய்ந்ததும் தொடங்கியிருக்கிறது, நம் ஆட்கள் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்கள். இதைக் கடிகாரம் என்று சொல்லிக் கூட்டி வந்ததுதான் தப்பு. இது பஞ்சாங்கம். ஊரில் தாத்தா வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்ததை இவர்கள் இரும்பில் செய்து மாநகர மண்டபத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

செய்தவர் ஹனுஷ் என்ற கைவினைஞர், இன்னொன்று செய்யாமல் இருக்க அவர் கண்ணைக் குருடாக்கினார்கள் என்ற கதையை வழிகாட்டி ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தாஜ்மகால் கட்டியவர்களின் கையை வெட்டிய கதைதான், ஊர் மாறியிருக்கிறது. உண்மையில் செய்தவர் கடான் ஊர் மிக்குலாஷ் என்ற கடிகாரக்காரர், கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கடிகாரத்துக்கு வந்த பெரிய ஆபத்து 1945 மே மாதம், போர் முடிகிற கடைசி நேரத்தில். ஜெர்மன் படை சுட்டதில் மண்டபம் பற்றி எரிந்து மரப் பொம்மைகளும் போயின. இப்போது சுற்றுபவை அதற்குப் பிறகு செதுக்கியவை.

கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தபோது பளார். பசை போய்விட்டது. குனிந்து ஷூவைப் பார்க்கிறேன், காலுக்குக் கீழே கற்களுக்கு நடுவில் வெள்ளைக் கல்லில் ஒரு சிலுவை. அதன் பக்கத்தில் இன்னொன்று. எண்ணினோம், 27. மேலே பார்த்துக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான பேர் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்கள், ஒரு நிமிஷம் முன்னால் நானும்.

1620இல் வெள்ளைமலைப் போரில் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கத்தோலிக்கரான ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசரிடம் தோற்றார்கள். அடுத்த வருஷம் ஜூன் 21ஆம் தேதி காலை இந்த இடத்தில் மேடை போட்டு 27 பேரைக் கொன்றார்கள். பன்னிரண்டு பேரின் தலைகளை இரும்புக் கூடைகளில் வைத்துப் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். காலையில் அழகாக இருக்கிறதென்று வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டோமே, அதே கோபுரம். பத்து வருஷம் அங்கேயே இருந்தன. 1631இல் சாக்சனிப் படை ஊருக்குள் வந்த பிறகுதான் இறக்கினார்கள். சாக்சனியின் தலைநகர் எங்கள் ட்ரெஸ்டன், அதனால் கொஞ்சம் உரிமையோடு நின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஷூவை ஒட்டுநாடாவால் சுற்றியிருந்ததால் எப்படியும் குனிந்துதான் நடக்க வேண்டும், குனிந்தால் இந்த ஊரில் ஏதாவது எழுதியிருக்கிறது. அதே சதுக்கத்தில் கொஞ்சம் தள்ளிக் கற்களுக்கு நடுவே ஒரு பித்தளைக் கோடு, ஒரு காலத்தில் பிராகின் நண்பகலைக் காட்டிய தீர்க்கரேகை. மரியன்னைத் தூணின் நிழல் இந்தக் கோட்டில் விழும்போது ஊருக்கு மணி பன்னிரண்டு. 1918இல் குடியரசு பிறந்த உற்சாகத்தில் ஒரு கூட்டம் அந்தத் தூணை ஹாப்ஸ்பர்க் சின்னம் என்று சாய்த்துவிட்டது, 2020இல் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

நடுவில் ஒரு வயிற்றெரிச்சல். எதற்குக் கையில் ரொக்கம் என்று நான் சொன்னேன், கேட்காமல் தோழன் ஒரு நாணய மாற்றுக் கடையில் 50 யூரோ கொடுத்தான். யூரோவுக்கு 24 கொருனாவாவது வர வேண்டும், 18 என்று கணக்குப் போட்டு 900 கொடுத்தார்கள். நல்ல விலை பெரிய எழுத்தில் பலகையில் இருந்தது, பெருந்தொகை மாற்றினால்தான் அது என்பது கீழே எறும்பு எழுத்தில். வாயடைத்துப்போய் வெளியே வந்து தேடினால், இந்த நாட்டுச் சட்டப்படி ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் போனால் மாற்றியதை ரத்து செய்யலாம் என்று தெரிந்தது. போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைக்கூட நிமிர்த்தாமல், 50 யூரோவைத் திருப்பித் தந்தார். தினமும் நாலு பேராவது வருவார்கள் போல. ரசீதைக் கசக்கிப் போடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏறக்குறைய எல்லா இடத்திலும் அட்டை செல்லுபடியாகிறது.

சாப்பாடு: மாட்டிறைச்சிக்கு மேல் பாலேடு கலந்த காய்கறிக் குழம்பு ஊற்றி, ஒரு எலுமிச்சைத் துண்டு, கொஞ்சம் பழக்கூழ், கூட நாலைந்து துண்டு க்னெட்லீக். இந்த மொத்தத்துக்கும் ஸ்விச்கோவா என்று பெயர். க்னெட்லீக் என்பது இட்லிக்கும் பன்னுக்கும் நடுவில் ஏதோ ஒன்று, பெரிய உருளையாக அவித்து வட்டம் வட்டமாக நறுக்குகிறார்கள், தனியாகத் தின்றால் பஞ்சு, குழம்பில் ஊறினால் அருமை. மாட்டிறைச்சி ஆகாதவர்களுக்குப் பொரித்த சீஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கும். தெருவுக்குத் தெரு ‘பாரம்பரியப் பலகாரம்’ என்று பலகை வைத்து விற்கிற த்ர்தெல்னீக் என்ற சுருள் ரொட்டியை நம்பாதீர்கள், அது பிராக் பாரம்பரியம் இல்லை, கடந்த சில பத்தாண்டுகளில் சுற்றுலாக்காரர்களுக்காக முளைத்தது. ஐஸ்கிரீம் அடைத்துத் தந்தார்கள். தின்றேன், நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

மதியம் கோட்டை. அதற்குள்ளே இருக்கிற புனித வீத்துஸ் பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல் முடித்தார்கள். மேம்பாலம் தாமதம் என்று இனிமேல் யாரும் மாநகராட்சியைத் திட்ட வேண்டாம். வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன், எழுத வரவில்லை, விடுங்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது பழைய அரண்மனையில் ஒரு ஜன்னல்.

சாதாரண ஜன்னல். 1618 மே 23 அன்று, கோபத்தோடு வந்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பேரரசரின் இரண்டு ஆளுநர்களையும் அவர்களுடைய எழுத்தரையும் இந்த வழியாகத் தூக்கி வெளியே எறிந்தார்கள். சுமார் 20 மீட்டர். மூன்று பேரும் பிழைத்தார்கள்! மாதாவே தாங்கிப் பிடித்தார் என்றது கத்தோலிக்கத் தரப்பு, குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. பாவம் அந்த எழுத்தர் ஃபாப்ரீசியுஸ், குறிப்பெடுக்க வந்தவர். பின்னால் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தபோது ‘உயர்ந்த வீழ்ச்சிக்காரர்’ என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்களாம். இந்த ஜன்னலில் தொடங்கியதுதான் ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போர். காலையில் பார்த்த 27 சிலுவைகளுக்கும் மூலம் இதுதான். பகலெல்லாம் கதையைப் பின்பக்கமிருந்து நடந்து வந்திருக்கிறோம்.

இரவு ஒரு பீர்க்கடை. மேசையில் ஒரு சீட்டு வைத்து ஒவ்வொரு கோப்பைக்கும் பால்காரர் கணக்கு மாதிரி ஒரு கோடு போடுகிறார்கள். கோப்பை காலியானால் கேட்காமலே அடுத்தது வரும், வேண்டாமென்றால் அட்டையை எடுத்துக் கோப்பை மேல் மூட வேண்டும். எங்களுக்கு அது தெரியத் தாமதமாகிவிட்டது. இத்தோடு நிறுத்துகிறேன்.

ஞாயிறு, திரும்பும் ரயிலில்

யூதர் பகுதியை நேற்றே பார்த்திருக்க வேண்டும் என்பது திட்டம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், அருங்காட்சியகமும் ஜெபாலயங்களும் மூடியிருக்கும் என்று யோசிக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வார இறுதிக்கு வருகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், ஞாயிறுதான் ஒரே வழி. காலையிலிருந்து மழை. ஒட்டுநாடாவுக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டேன்.

பிங்கஸ் ஜெபாலயத்தில் பொருட்கள் எதுவும் இல்லை. சுவர் மட்டும். சுவர் முழுக்க, தரைக்குச் சற்று மேலிருந்து கூரை வரை, கையால் எழுதிய பெயர்கள். பொஹீமியா, அதை ஒட்டிய மொராவியாவைச் சேர்ந்த, நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 80,000 யூதர்கள். ஊர்வாரியாக, குடும்பப் பெயர், பெயர், பிறந்த நாள், கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த நாள். முதலில் 1950களில் எழுதினார்கள். 1968இல் நிலத்தடி நீர் ஊறியதாகச் சொல்லிக் கட்டடத்தை மூடினார்கள், எழுத்துகள் சுவரிலிருந்து போய்விட்டன. 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு அத்தனை பெயரையும் மறுபடி முதலிலிருந்து எழுதியிருக்கிறார்கள். கண் ஒரு வரியில் நிற்க மாட்டேன் என்கிறது, ஒரே குடும்பப் பெயரின் கீழ் ஏழு, எட்டுப் பெயர் போகிறது.

தோழன் வெகுநேரம் ஒரு மூலையில் நின்றான். வெளியே வரும்போது, “எங்கட ஆக்களின்ர பேரையெல்லாம் ஆர் இப்பிடி எழுதி வச்சது?” என்றான். என்னிடம் பதில் இல்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மாடியில் நாஜிகளின் டெரெசீன் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியை அவர்களுக்கு முகாமுக்குள்ளேயே ரகசியமாக ஓவியம் கற்றுக்கொடுத்தார். 1944இல் அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பும் முன் படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்தார், அதனால் அவை மிஞ்சின. வீடு, பட்டாம்பூச்சி, சாப்பாட்டு மேசை. இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம்.

பக்கத்தில் பழைய கல்லறைத் தோட்டம். இடம் கொஞ்சம், புதைக்க வேறு இடம் கொடுக்கவில்லை, அதனால் மண் கொட்டி மேல்மேலாகப் புதைத்திருக்கிறார்கள், சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. கீழே உள்ளவர்களின் கல்லையும் மேலே தூக்கி நட்டதால் 12,000 கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நெரிசல் பேருந்தில் நிற்பவர்கள் மாதிரி நிற்கின்றன. மூத்த கல் 1439ஆம் வருஷத்தது, கடைசிப் புதைப்பு 1787. களிமண்ணில் கோலெம் என்ற மனித உருவம் செய்து உயிர்கொடுத்ததாகக் கதை சொல்லப்படும் யூத மதகுரு ரப்பி லோவின் கல்லறையும் இங்கேதான், அதன் மேல் கூழாங்கற்களும் மடித்த வேண்டுதல் சீட்டுகளும்.

அங்கிருந்து ஆற்றுப்பக்கம் நடந்தால் யான் பாலாஹ் சதுக்கம், அதில் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். இங்கே எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. 1348இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்திருக்கிறார்கள். தமிழ் இலக்கிய வரலாற்றை மேற்குலகத்துக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் இந்த ஊர்க்காரர், 1927இல் இங்கே பிறந்தவர். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டு வெளியேறி, சிகாகோ, அப்புறம் நெதர்லாந்து என்று போய்விட்டார். போனவர் அவர். போகாதவர்களில் ஒருவர் இந்தச் சதுக்கத்தின் பெயரில் இருக்கிறார். பாலாஹ் இதே கலைப்புலத்தின் மாணவர், வயது 20. படையெடுப்புக்கு மக்கள் பழகிப்போகிறார்களே என்று 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தன் மேல் தீ வைத்துக்கொண்டார், மூன்று நாள் கழித்து இறந்தார். ஞாயிறு, கட்டடம் பூட்டியிருந்தது. சுவரில் அவருடைய முகத்தின் வார்ப்பு, மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ ஓர் அறையில் கரும்பலகையில் யாரோ ‘ழ’ எழுதிக் காட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

வென்செஸ்லாஸ் சதுக்கம் சதுக்கமே இல்லை, நீளமான அகலத் தெரு. மேல் முனையில் தேசிய அருங்காட்சியகம், அதற்கு முன்னால் நடைபாதையில் கல் தரை திடீரென்று புடைத்து எழும்பி, அதற்குள்ளிருந்து ஒரு வெண்கலச் சிலுவை பாதி வெளியே வந்து படுத்திருக்கிறது. பாலாஹ் நினைவிடம். வேலி இல்லை, பீடம் இல்லை, கவனிக்காமல் வந்தால் தடுக்கும். கீழ் முனையில் 2020இல் நடைபாதையைப் பெயர்த்தபோது, சில கற்களின் அடிப்பக்கம் பளபளப்பாக, எபிரேய எழுத்தோடு இருந்தது. 1980களில் கம்யூனிஸ்ட் ஆட்சி யூதக் கல்லறைக் கற்களைச் சதுரமாக அறுத்து, எழுத்துப் பக்கம் மண்ணைப் பார்க்கும்படி பதித்திருக்கிறது. கிடைத்த கற்களை ஷிஷ்கோவ் பகுதியில் உள்ள பழைய யூதக் கல்லறைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு அந்தத் தெருவில் கால் வைப்பது ஒரு மாதிரியாக இருந்தது, ஆனால் வேறு வழியில் ஸ்டேஷனுக்குப் போக நேரமில்லை.

அந்தக் கீழ் முனையில்தான் தோழன் என் தோளைத் தட்டினான். முழுக்கக் கண்ணாடியால் ஆன ஒரு பழைய கட்டடம், உச்சியில் ஒரு பெயர். பாட்டா.

பாட்டா! பள்ளிக்கூடக் கறுப்பு ஷூ பாட்டா. 1894இல் இந்த நாட்டின் ஸ்லீன் என்ற ஊரில் தொமாஷ் பாட்டா தொடங்கியது, இந்தியாவுக்கு வந்தது 1931இல். பிராகில் இந்தக் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது 1929இல். தோழனுக்கு என்னை விட அதிர்ச்சி. “எங்கட வீட்டில ரப்பர் செருப்புக்குப் பேரே பாட்டாதான். ‘பாட்டாவைக் கழட்டிப்போட்டு உள்ள வா’ எண்டுதான் அம்மா இண்டைக்கும் சொல்லுவா. அது ஒராளின்ர பேரா?” ஈழத்தில் அந்தச் சொல் செருப்புக்கே பெயராகிவிட்டது என்பது எனக்குப் புதுச் செய்தி. செருப்பு அரசனின் மாளிகைக்கு முன்னால், ஒரு காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டேன். சட்டைப்பையில் இருந்தது 300 கொருனா. உள்ளே போகவில்லை.

ஸ்டேஷனில் முதலாம் நடைமேடையில் இன்னொரு சிலை. கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் ஒரு சிறுமி, ஒரு பெட்டி. நிக்கோலஸ் விண்டன். 1939இல் இங்கிருந்து ரயில்களில் 669 குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகளை, பிரிட்டனுக்கு அனுப்பிவைத்த வேலையை முன்நின்று செய்தவர். செப்டம்பர் 1ஆம் தேதி கிளம்ப வேண்டிய கடைசி ரயிலில் 250 குழந்தைகள், அன்றைக்குப் போர் தொடங்கிவிட்டது, ரயில் கிளம்பவில்லை. காலையில் பார்த்த சுவரை நினைத்துக்கொண்டேன்.

இதை எழுதும்போது ரயில் பாட் ஷாண்டாவில் நிற்கிறது, ஜெர்மன் போலீஸ் ஏறியிருக்கிறார்கள். எல்லைச் சோதனை. தோழன் ஜெர்மன் அடையாள அட்டையை நீட்டினான், பார்த்தும் பார்க்காமலும் தந்துவிட்டார்கள். என்னிடம் பாஸ்போர்ட், தங்கும் அனுமதி அட்டை இரண்டையும் கேட்டு, புரட்டி, முகத்தைப் பார்த்து, மறுபடி புரட்டி… மாணவர்களே, அட்டை மட்டும் போதும் என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். திருப்பித் தரும்போது அந்த அதிகாரி கீழே என் காலைப் பார்த்தார். பிராகா, என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லவேளை, ‘நோ’ என்று சொல்லவில்லை.

திங்கள், ட்ரெஸ்டன்

ஷூவைக் குப்பையில் போட்டாயிற்று. அப்பா அழைத்தார். ஜன்னல், பாலம், பஞ்சாங்கம் எல்லாம் சொன்னேன், “ம்” கொட்டிக்கொண்டிருந்தார். பாட்டா செக் நாட்டுக் கம்பெனி என்று சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார் போல, குரல் மாறியது.

“யாருடா சொன்னா? பாட்டா நம்ம நாட்டுக் கம்பெனி. கல்கத்தா பக்கத்துல பாட்டாநகர்னு ஊரே இருக்கு.”

அந்த ஊர் இருப்பது உண்மைதான், கம்பெனி கட்டியதுதான், ஆனால் தொடங்கியது இங்கே என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. வைத்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அழைப்பு, யாரையோ கேட்டிருக்கிறார்.

“ஆமாண்டா, நீ சொன்னது சரிதான்” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “அவன் ஊருக்கே போயிட்டு ஒரு ஜோடி வாங்காமலா வந்த?”